உதைக்காத தோட்டா

வென்டல் பிராண்ட் வாய் திறக்க வேண்டுமென்றால் பேச்சு தோட்டாவைப் பற்றியதாக இருக்க வேண்டும். மழை, தேர்தல், மக்காச்சோள விலை, யார் வீட்டில் யார் செத்தார்கள் என்பதெல்லாம் அவனிடம் எடுபடாது. எந்த வெடிமருந்து ஈர நாளில் சுணங்கும், எந்தப் பித்தளைக் கூடு மறுபடி மறுபடி நிரப்பினால் விளிம்பில் கீறும் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டீர்களோ, உங்கள் காபி ஆறிப்போகும்.

ஒஹையோவில் எங்கள் பக்கம் நிலம் தட்டை. குளிர்காலத்தில் வயல்களில் அறுத்த தாள்களும் பனியும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே துப்பாக்கி கிளப் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை ரிவால்வரால் சுடுவோம், பிறகு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மிளகாயும் பயறும் போட்ட கறிக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுவோம். வென்டலின் மனைவி கார்லா இறந்து பல வருஷமாயிற்று. பிள்ளைகள் இல்லை. வாரத்தில் அவன் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிடுவது அந்த வியாழக்கிழமைதான். அதிகம் கூப்பிடுகிறவள் மேவிஸ் கெட்லர்.

மேவிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். சுடும் மேடையில் ஆறாவது இடம் வென்டலுடையது, ஏழாவது அவளுடையது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். பக்கத்தில் நின்றார்கள் என்றதும் நீங்கள் ஏதேதோ நினைக்க வேண்டாம். மேடையில் நிற்கிறவனுக்குக் காதில் மூடி, கண்ணுக்கு முன்னால் தன் குறிப்பலகையைப் பார்க்கத் தொலைநோக்கி. பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பது எங்களிடம் மரியாதைக் குறைவு, அவர் கவனம் சிதறும். வென்டல் எல்லா மரியாதையும் தெரிந்தவன்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மேவிஸ் சூடான கிண்ணத்தை வலது கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டில் வாதம்.

"கடைத் தோட்டா இனிமே எனக்கு ஆகாதுப்பா. ஒவ்வொரு உதைக்கும் விரலடியில ஆணி எறங்குது" என்றாள்.

மேடையை நிர்வகிக்கும் டெல்பர்ட் சும்மா இருப்பானா? "பஸ்ல பசங்க குடுத்த உதையை விடவா, மேவிஸ்?"

"பசங்க என்னைக் கண்டா சீட்டுக்கு அடியில பூந்துக்குவானுங்க. இது பூந்துக்க மாட்டேங்குதே" என்று சிரித்தவள், சிரிப்பு அடங்கியதும் வேறு குரலில் சொன்னாள். "அரிசோனாவுல பொண்ணு ரூம் தயார் பண்ணி வச்சிருக்கா. ஏப்ரல் போட்டி வரைக்கும் பாக்கறேன். கை தாங்குச்சுன்னா இன்னொரு வருஷம் இங்க. இல்லேன்னா வீட்டை வித்துட்டுக் கெளம்பிட வேண்டியதுதான்."

வென்டல் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். போகாதே என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் சொன்னது இவ்வளவுதான்: "உதைக்காத தோட்டா நான் போட்டுத் தரேன்."

"உதைக்காத தோட்டாவா? அப்ப அது வெறும் உலோகம்யா."

"உதைக்கும். உனக்குத் தெரியாத அளவுக்கு."

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. வீட்டுக்கு அடியில் நிலவறை, அதில் கனமான ஒரு மேசை, மேசையில் தோட்டா அடைக்கக் கைப்பிடி வைத்த பிரஸ், பக்கத்தில் தராசு. சுட்டு முடித்த பழைய கூடுகளைக் கழுவிப் பளபளப்பாக்கி, அடியில் நெருப்புப் பற்றவைக்கும் புதுப் பொட்டு பதித்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தி விளிம்பை இறுக்குவான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைச் சாய்த்து எட்டிப் பார்க்காமல் குண்டு வைக்க மாட்டான். மருந்தைக் குறைத்தால் உதை குறையும், அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் குறைத்துக்கொண்டே போனால் குண்டு ஐம்பது கஜம் போவதற்குள் தள்ளாடும். இன்னும் குறைத்தால் குழலை விட்டே வெளியே வராது. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் ஒல்லியான இடம் இருக்கிறது. மேவிஸ் இங்கேயே இருப்பதும் இல்லாததும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் இருப்பதாக அவன் நம்பினான்.

பகலில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பான். மணல்மூட்டையில் சாய்த்துச் சுடுவதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. போட்டியில் மணல்மூட்டையா வந்து சுடப் போகிறது, மனிதக் கைதானே என்பான். கையால்தான் சுட்டான். தன் கையால். துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்குவான், இரண்டு மூச்சு விடுவான், பிறகு மெல்ல இறக்கிப் பலகையில் நிறுத்துவான். தூரத்தில் போகிற யாரையோ கை உயர்த்திக் கூப்பிட்டு, அவர் திரும்பாததால் கையை இறக்கிக்கொள்வது போல இருக்கும். பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஜனவரியில் மேவிஸ் போன் செய்தாள்.

"என்னய்யா, விஞ்ஞானம் எந்த மட்டுக்கு வந்திருக்கு? நான் வேணா ஒருநாள் வந்து சுட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். குளிர்ல உன் கை வலிக்கும். முழுசா முடிச்சிட்டுத்தான் தருவேன்."

"வலிச்சா வலிக்குது. சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"இன்னும் சரியா வரல மேவிஸ். மருந்து ரொம்பக் கொஞ்சமாயிடுச்சு, கூடு பெருசு. உள்ள ஒரு மூலையில கெடந்து உருளுது."

"அப்ப என்னை மாதிரிதான்னு சொல்லு. இந்தப் பெரிய வீட்டுல நானும் அப்படித்தான் உருண்டுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கு விளிம்பைக் கொஞ்சம் இறுக்கிட்டா சரியாயிடும்" என்றான் வென்டல்.

அவள் "சரிப்பா, இறுக்கு" என்று போனை வைத்துவிட்டாள். பிப்ரவரியில் இன்னொரு முறை, வரட்டுமா என்று கேட்டாள். அப்போதும் அதே பதில். அவனுக்கு அவளை வரவேண்டாம் என்று சொல்லும் எண்ணமில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை யாருக்கும் பரிமாறக் கூடாது என்ற வீராப்பு, அவ்வளவுதான். ஆள் வந்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயமும் கொஞ்சம்.

மார்ச் முடிவதற்குள் இடம் அகப்பட்டுவிட்டது. உதை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, கதவை மெல்லச் சாத்தினால் வருகிற அதிர்வுதான். பலகையிலோ கறுப்பு வட்டத்துக்குள் குண்டுகள் கொத்தாக விழுந்தன. எத்தனை முறை சுட்டாலும் அதேதான். வென்டல் பனியில் தனியாக நின்று சிரித்தான். சொல்ல ஆளில்லாததால் பலகையிலிருந்த தாளைச் சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

போட்டி நாளில் வெயில் இருந்தது, காற்றில்லை. அட்டைப் பெட்டியில் தோட்டாக்களை அடுக்கிக் கொண்டுவந்து மேவிஸின் மேசையில் வைத்தான். அவள் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"பாத்தா, பொண்ணுக்கு மோதிரம் கொண்டுவந்த மாதிரி இருக்கே" என்றான் டெல்பர்ட். வென்டல் காதுவரை சிவந்து ஆறாவது இடத்தில் போய் நின்றுகொண்டான்.

சுடத் தொடங்கினார்கள். வென்டல் தன் பலகையைப் பார்த்தான். பக்கத்தில் அவளுடைய வெடிச்சத்தம் மெத்தென்று கேட்டது. ஒன்று, இன்னொன்று. அவனுக்கு மனம் நிறைந்திருந்தது. பிறகு வெடிக்குப் பதிலாகப் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது.

"நிறுத்துங்க! எல்லாரும் கீழ வையுங்க!" என்று டெல்பர்ட் கத்தினான்.

மேவிஸ் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். அனுபவக்காரி. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்: குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து விரல்களையும் கொண்டு போயிருக்கும். பித்தளைக் கம்பியைக் குழலில் விட்டு மரச் சுத்தியலால் தட்டி வென்டலே குண்டை வெளியே எடுத்தான். அவள் பலகையைக் கொண்டுவந்தார்கள். குண்டுகளெல்லாம் கறுப்புக்குக் கீழே, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கிப் போயிருந்தன.

சுற்று முடிந்ததும், மிச்சமிருந்த தோட்டாக்களை அவளுடைய ரிவால்வரிலேயே, ஏழாவது இடத்திலேயே நின்று வென்டல் சுட்டுக் காட்டினான். வானத்தைப் பார்க்கத் தூக்கினான், இறக்கினான், சுட்டான். எல்லாம் கறுப்புக்குள்.

"தோட்டா மேல குத்தமில்ல. மாட்டுன ஒண்ணுல மருந்து விழாம போயிருக்கும்" என்றான் டெல்பர்ட்.

"அப்ப மத்தது கீழ போனதுக்கு என் கைதான் காரணம்" என்றாள் மேவிஸ், வென்டலைப் பார்த்து.

வென்டல் தலையாட்டினான்.

பின்னாளில் அவனை அறுத்தது அந்தத் தலையாட்டல்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம், தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். தன் தோட்டாமேல் பழி விழவில்லை என்ற நிம்மதியில் ஆட்டிவிட்டான். மேவிஸ் மத்தியானச் சுற்றுக்கு நிற்கவில்லை. ஆப்பிள் பையை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ரிவால்வரை அவனிடம் நீட்டினாள். "குழலைத் துடைச்சு வை. அவசரமில்ல. இனிமே எனக்கு எதுக்கு?"

அடுத்த வியாழக்கிழமை ஏழாவது இடம் காலி. அதற்கடுத்த வியாழனும் காலி. அந்தக் காலி இடத்தை மட்டும் வென்டல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இப்போது யார் கவனமும் சிதறப் போவதில்லை அல்லவா?

ஆனால் ஒரு கேள்வி அவனை அரித்தது. மருந்து விழாத கூட்டுக்கு அவன் குண்டு வைத்திருக்கவே முடியாது. ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தவன் அவன். அப்படியென்றால் அந்தக் குண்டு ஏன் நின்றது? மே மாதத்தில் ஒரு பகல், அவளுடைய ரிவால்வரையும் அதே தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். மனம் சரியில்லை. கையை வானத்துக்குத் தூக்கி மூச்சு விட்டு இறக்கும் சடங்குக்கெல்லாம் தெம்பில்லாமல், மேசையில் மூக்கு கவிழ்ந்து கிடந்த துப்பாக்கியை அப்படியே பலகை மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டான். சத்தம் சொங்கியாக வந்தது. குண்டு கறுப்புக்குக் கீழே விழுந்தது.

வென்டல் அசையாமல் நின்றான். மறுபடியும் கீழேயிருந்தே உயர்த்திச் சுட்டான். மறுபடியும் கீழே. வானத்துக்குத் தூக்கி இறக்கிச் சுட்டான். கறுப்பின் நடுவில்.

விளங்கிவிட்டது. பெரிய கூட்டில் துளி மருந்து. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினால் மருந்து பின்னால் சரிந்து பொட்டை ஒட்டிக் கிடக்கும், நெருப்பு உடனே பற்றும். மூக்கைத் தாழ்த்தி வைத்திருந்து உயர்த்தினால் மருந்து முன்னால் குண்டோடு ஒட்டிக்கொண்டு, நெருப்பு அதைத் தேடிப் போக வேண்டியிருக்கும். எப்போதாவது போய்ச் சேராமலும் போகும். அவன் குளிர்காலம் முழுக்கச் செய்தது மேவிஸுக்கான தோட்டா அல்ல. தன் கைக்கான தோட்டா.

அப்படியென்றால் மேவிஸ் எப்படித் தூக்குவாள்? யோசித்தான். எவ்வளவு யோசித்தும் கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றவளை அவன் ஒருமுறைகூடச் சுடுகையில் பார்த்ததில்லை.

டெல்பர்ட்டின் வீட்டுக்குப் போனான். டெல்பர்ட் புல்வெட்டும் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"டெல்பர்ட், மேவிஸ் துப்பாக்கியை எப்படித் தூக்குவா?"

"கீழ இருந்துதான். அவளால மேல தூக்க முடியாதே. தோள் போய் நாலு வருஷம் ஆச்சு. தலைகூட ஒரு கையாலதான் வாரிக்கறா." டெல்பர்ட் நிமிர்ந்து பார்த்தான். "ஏய்யா, உனக்குத் தெரியாதா? நீதானே பக்கத்துல நிக்கற ஆளு?"

வெட்கம் வென்டலைப் பிடுங்கித் தின்றது. கிளப்பில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

மறுபடியும் நிலவறைக்கு இறங்கினான். இந்த முறை மருந்தையே மாற்றினான். எடையில் அதே துளிதான், ஆனால் உமி மாதிரி உப்பிக் கிடக்கும் ரகம். கூட்டையும் குட்டையாக வெட்டிக்கொண்டான். குண்டை அழுத்தியபின் உள்ளே மருந்து புரள இடமே இருக்கவில்லை. மைதானத்தில் ஏழாவது இடத்தில் நின்று, அவள் தோளை நினைத்துக்கொண்டு, கீழேயிருந்து மட்டுமே உயர்த்திச் சுட்டான். அந்த உயரத்துக்குமேல் கை போகாதென்றால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. சரியாக வரும்வரை விடவில்லை.

பிறகுதான் அவளுடைய முகவரி தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அதையும் டெல்பர்ட்டிடம் கேட்டு வாங்கினான். டெல்பர்ட் இம்முறை கேலி செய்யவில்லை.

மேவிஸின் வீடு உண்மையிலேயே பெரியது. புல்வெளியில் விற்றாயிற்று என்ற பலகை நட்டிருந்தது. வாசலில் வாடகை லாரி. அவள் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வென்டலா! வழி தப்பிட்டியாய்யா?"

"இல்ல. உன்னைப் பாக்கத்தான்." ரிவால்வர் பெட்டியையும் தோட்டாப் பெட்டியையும் நீட்டினான். மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். "உன் கை இல்ல மேவிஸ். என் தோட்டாதான். நான் மேல தூக்கி இறக்குவேன், நீ கீழ இருந்து தூக்குவே. மருந்து முன்னால போயிடுது. எல்லார் முன்னாலயும் தலையாட்டுனேன். தப்பு."

அவள் ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். "சத்தமே இல்லையே."

"உள்ள காலி இடமே இல்ல. எப்படித் தூக்குனாலும் ஒண்ணுதான். நீ எப்படித் தூக்குவேன்னு எனக்கு இத்தனை நாள் தெரியல, அதான் அப்படி ஆச்சு."

"பக்கத்துலதானே நின்னே?"

"நான் என் பலகையைத்தான் பாப்பேன்."

"தெரியும். நான் பாத்திருக்கேனே" என்றாள் மேவிஸ். "கையை மேல தூக்குவே, ரெண்டு மூச்சு விடுவே, எறக்குவே. எறக்கும்போது உதட்டைக் கடிப்பே. கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

அதற்கு மேலும் வென்டல் மடையன்போல் கேட்டான்: "இதை ஜனவரியிலயே போட்டுத் தந்திருந்தா இருந்திருப்பியா?"

"தோட்டாவுக்காகவா போறேன்? பெரிய வீட்டுல உருண்டுக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். விளிம்பை இறுக்கினா சரியாயிடும்னு சொன்னே. வரட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டேன். குளிர்ல கை வலிக்கும்னே." அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "இதோ இந்த வாசப்படி ஏற உனக்கு இன்னைக்குத்தானே வழி தெரிஞ்சுது?"

நாற்காலியின் மறுமுனையைப் பிடித்துக்கொள் என்று அவள் கண் காட்டினாள். இருவருமாகத் தூக்கினார்கள். தன் பக்கம் அவள் கை இடுப்புக்கு மேல் வரவில்லை. வென்டல் அதைப் பார்த்து, தன் பக்கத்தையும் தாழ்த்திக்கொண்டு நடந்தான். அந்த மாலை முழுக்க அவள் வீட்டைக் காலி செய்ய அவன் உதவினான். மேசை, கட்டில், விளக்குகள் என்று ஒவ்வொன்றாகப் போக, அறைகளில் பேச்சு எதிரொலித்தது. பேச்சில் தோட்டா வரவில்லை. அவளுடைய பெண்ணின் பெயர் ரோவீனா என்று அன்றுதான் தெரிந்துகொண்டான்.

தோட்டாப் பெட்டியை அவள் லாரியின் முன்சீட்டில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"தீந்துபோச்சுன்னா?"

"கூப்பிடு" என்றான்.

"கூப்பிட்டா திரும்பவும் விளிம்பைப் பத்திச் சொல்லுவே."

"சொல்ல மாட்டேன்."

"பாக்கலாம்" என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினாள். பஸ் ஓட்டியவள், அவ்வளவு பெரிய லாரியையும் ஒரே திருப்பில் வெளியே எடுத்தாள்.

வென்டல் சாலையோரம் நின்று கையை வானத்துக்கு உயர்த்தினான். ஜன்னலில் அவள் கையும் எழுந்தது. தோள் மட்டம் வரை வந்து, அங்கேயே நின்றது. அவன் தன் கையை மெல்ல இறக்கி, அவள் கை நின்ற உயரத்திலேயே வைத்துக்கொண்டு, லாரி திரும்பி மறையும்வரை நின்றான்.